ஒரு தோலுக்கு ஒரே வரி

ஆம்பூரில் பதனிட்டு முடித்த ஆட்டுத்தோலின் பின்புறம் அதன் சதுர அடி குறித்திருக்கும். அந்த ஒரே தோல் டிரம்மில் ஊறிய லாட்டிலும் இருக்கிறது, தரம் பிரித்த கட்டிலும் ஷூ கம்பெனி ஆர்டரிலும் இருக்கிறது. பட்டியலுக்கு ஒரு வரியென டேட்டாபேஸில் எழுதினால் தோல் மூன்றாகிவிடும், சதுர அடியும் மும்மடங்காகும்.

இதற்கான தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. தோலுக்கு ஒரே வரி, ஆர்டருக்கு ஒரு வரி. நடுவே இரண்டின் எண்களை மட்டும் வைத்திருக்கும் சின்ன இணைப்பு அட்டவணை. ஆர்டரிலிருந்து தோலை எடுத்தால் இணைப்பு மட்டுமே அழியும்.

டேட்டாபேஸ் வரிகளை ஜாவா ஆப்ஜெக்டுகளாக்கித் தரும் ஹைபர்நேட், 2001இல் வந்தது, இன்னும் அழகு. ஒரே செஷனில் எந்தப் பட்டியல் வழியாகக் கேட்டாலும் அதே ஆப்ஜெக்டையே தரும். லாட் பக்கம் திருத்திய அளவு ஆர்டர் பக்கமும் தெரியும். ஒன்றை அழித்தால் அதோடு இணைந்ததையும் அழிக்கும் ‘கேஸ்கேட்’ அழிப்பை மட்டும் இங்கே வைக்கவே கூடாது: ரத்தான ஆர்டர், கிடங்கில் கிடக்கும் தோலையும் கணக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.