'உராய்வு' என்கிற குற்றவாளி

சிவகாசியிலிருந்து 1970களில் வெளிவந்த முத்து காமிக்ஸ்தான் எனக்குத் துப்பறியும் கதையை அறிமுகப்படுத்தியது. தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போன வயசு. பழைய இதழ்களைக் கைமாத்திக் கைமாத்தி வாசிப்போம். 'இதெல்லாம் பொழுதுபோக்கு, நமக்கெதுக்கு?' என்று இப்போது தோழர்கள் கேட்கிறார்கள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையாவது நாம் வாசித்தாக வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவது, ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'ஷெர்லாக் ஹோம்ஸின் சாகசங்கள்' (1892). மொத்தம் 12 கதைகள். ஒன்றில் ஓட்டலில் தங்கிய சீமாட்டியின் நீலக்கல் களவு போகிறது. அங்கே பழுதுபார்க்க வந்த குழாய்த் தொழிலாளி ஹார்னரைப் பிடித்து அடைக்கிறார்கள். ஏற்கெனவே தண்டனை பெற்றவன், அது போதும். எடுத்ததோ ஓட்டலின் தலைமைப் பணியாள். அவன் அழுததும் ஹோம்ஸ் விட்டுவிடுகிறார். ஹார்னர் லாக்கப்பில் கிடந்த நாளுக்கு யார் பதில் சொல்வது? கதை அதைக் கேட்கவேயில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுக்க 1952இல் ஒழிந்தது. ஆனாலும் ஊருக்குள்ள ஒரு ஆடு காணாமப் போனா போலீசு மொதல்ல வர்றது எங்க தெருவுக்குத்தான்.

இரண்டாவது, செஸ்டர்டன் 1911இல் வெளியிட்ட முதல் ஃபாதர் பிரவுன் தொகுப்பு. இந்தியரை விகாரமாகக் காட்டும் கதையும் அதில் உண்டு. அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்ற கதையில் ஒரு வீட்டை நாலு பேர் காவல் காக்கிறார்கள். யாருமே உள்ளே போகவில்லை என்று நாலு பேரும் சாதிக்கிறார்கள். போனவன் தபால்காரன். தபால்காரனை யார் ஆளாக மதித்துப் பார்த்தார்கள்? உழைக்கிறவன் கண்ணில் படமாட்டான் என்பதைச் செஸ்டர்டன் கண்டுகொண்டார். ஆனால் அவனையே கொலைகாரன் ஆக்கிவிட்டார்.

தமிழில் தேவனின் 'துப்பறியும் சாம்பு' 1940களில் ஆனந்த விகடனில் வந்தது. வங்கிக் குமாஸ்தாவின் அசட்டுத்தனமே அதிர்ஷ்டமாகி வழக்கு துலங்கிவிடும். நானும் சிரித்தேன். அந்த அதிர்ஷ்டம் ஹார்னர்களுக்கு வாய்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாதவர்கள் கொல்லவில்லை, சாகிறார்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 30 பேருக்கு மேல். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம்: 20 பேருக்கு மேல். வேறொரு பட்டாசு ஆலையில் என் சின்னம்மா கருகினாள். 'மருந்துக் கலவையில் உராய்வு' என்று பேப்பரில் போட்டார்கள். அவள் கவனக்குறைவு என்றும் பேசிக்கொண்டார்கள். செத்தவளே குற்றவாளி! எங்கம்மா கேட்டாள்: "யாருடா அந்த உராய்வு? கூட்டிட்டு வாங்க, மூஞ்சியப் பாப்போம்."

துப்பறியும் கதை அங்கேதான் தொடங்க வேண்டும். அறைக்குள் அளவுக்கு மீறி ஆளை அடைத்தது யார்? லைசென்சை உள்குத்தகைக்கு விட்டது யார்? சோதனைக்கு வந்து எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார்? இந்தக் கதைகளை வாசியுங்கள். அவை கேட்காமல் விட்டதைக் கேட்பதற்காக வாசியுங்கள்.