தி போஸ்ட் (2017 திரைப்படம்) – விமர்சனம்

'தி போஸ்ட்' ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2017-இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். வியட்நாம் போர் குறித்த 'பென்டகன் ஆவணங்கள்' 1971-இல் நாளிதழ்களில் வெளியானதைப் பற்றியது. 'வாஷிங்டன் போஸ்ட்' இதழின் பதிப்பாளர் கேத்தரின் கிரஹாமாக மெரில் ஸ்ட்ரீப்பும், ஆசிரியர் பென் பிராட்லியாக டாம் ஹாங்க்ஸும் நடித்துள்ளனர்.

வரலாற்றுப் பின்னணி

வியட்நாமில் அமெரிக்கத் தலையீட்டின் வரலாற்றைத் தொகுக்கும்படி 1967-இல் பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் மெக்நமாரா உத்தரவிட்டார். ஏறத்தாழ 7,000 பக்கங்களில் 47 தொகுதிகளாக அமைந்த அந்த ஆய்வு, அரசு தனக்குள் ஐயங்களை வைத்துக்கொண்டே மக்களுக்கு நம்பிக்கையூட்டி வந்ததைக் காட்டியது. ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் எல்ஸ்பெர்க் 1969-இல் அதை இரகசியமாக நகலெடுக்கத் தொடங்கினார். 1971 ஜூன் 13-இல் 'நியூயார்க் டைம்ஸ்' அதை வெளியிடத் தொடங்கியது. நீதிமன்றம் அவ்விதழுக்கு இடைக்காலத் தடை விதித்தபின் ஜூன் 18 முதல் 'போஸ்ட்' வெளியிட்டது. ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் இதழ்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

படத்தின் தொடக்கத்தில் விமானத்தில் போரின் நிலை குறித்து அவநம்பிக்கையுடன் பேசும் மெக்நமாரா, தரையிறங்கியதும் செய்தியாளர்களிடம் நேர்மாறாகப் பேசுகிறார். அதை எல்ஸ்பெர்க் பார்த்து நிற்கிறார். இரகசியம் எப்போது பொய்யாக மாறுகிறது என்பதை இக்காட்சி நீண்ட உரையாடல் இன்றிப் புரியவைக்கிறது. நிறுவனத்தின் பங்குகள் விற்பனைக்கு வந்த வேளையில், நண்பர் மெக்நமாராவுக்கு எதிராக முடிவெடுக்க வேண்டிய கிரஹாமின் தயக்கத்தை ஸ்ட்ரீப் நுட்பமாக வெளிப்படுத்துகிறார்.

ஆனால் படம் கேட்பது வெளியிடுபவரின் துணிவைப் பற்றிய கேள்வியை மட்டுமே. இரகசியம் காப்பதாக உறுதியளித்த ஒருவர் அதை மீறலாமா என்ற கடினமான கேள்வி எல்ஸ்பெர்க்குடையது. அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. நாளிதழுக்குச் செல்வதற்கு முன் அவர் ஃபுல்பிரைட், மெக்கவர்ன் முதலிய செனட்டர்களை அணுகினார். அமைதிப் பேச்சுவார்த்தைகள் தொடர்பான நான்கு தொகுதிகளை நாளிதழ்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். முறையான வழிகளை முதலில் முயல்வது, தீங்கு விளைவிக்கக்கூடியதை விலக்குவது ஆகிய இரண்டுமே பொறுப்பான கசிவை வெறும் கசிவிலிருந்து பிரிப்பவை. படம் இவற்றில் கவனம் செலுத்தவில்லை.

முடிவிலும் இக்குறை தெரிகிறது. தீர்ப்புடன் இதழ்களின் போராட்டம் முடிகிறது. எல்ஸ்பெர்க்கோ 1917-ஆம் ஆண்டின் உளவுச் சட்டம் உள்ளிட்டவற்றின் கீழ் அதிகபட்சம் 115 ஆண்டு சிறைத் தண்டனைக்குரிய வழக்கை எதிர்கொண்டார். ஏன் நகலெடுத்தார் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டபோது, அக்கேள்வியை நீதிபதி அனுமதிக்கவில்லை. 1973 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. அவர் செய்தது சரி என்று நீதிமன்றம் கூறவில்லை. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்தது போன்ற அரசுத் தரப்பின் முறைகேடுகளே அதற்குக் காரணம். 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் மீதும் அதே உளவுச் சட்டம் பாய்ந்தது.

இதழியல் சுதந்திரத்தைப் பற்றிய படமாக 'தி போஸ்ட்' வெற்றி பெறுகிறது. ஆயினும் செய்தியை அச்சிட்டவர்கள் கொண்டாடப்படும்போது, அதைக் கொண்டுவந்தவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார் என்ற முரண்பாட்டை அது பார்வையாளருக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.