கல்லில் எழுதிய கண்டனம்

சிறியதொரு படுக்கையறை. கலைந்த கட்டிலின் அடியில், இரவு உடையோடு ஒருவன் பிணமாய்க் கிடக்கிறான். அவன் உடலின் கீழ் ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. இருளில் ஒரு பெண்ணின் உடல்; ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. கொன்ற படைவீரன் ஒருவனேனும் படத்தில் இல்லை. 1834 ஏப்ரலில், பாரிசில் எழுந்த கிளர்ச்சியை அடக்கப் புகுந்த படையினர் ஒரு வீட்டில் இருந்தோரைக் கொன்று குவித்தனர். அந்நிகழ்ச்சியைப் பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தொமியே (1808–1879) வரைந்த கல்லச்சுப் படமே 'திரான்ஸ்னோனேன் தெரு'.

மதரசாக்களில் பழைய கல்லச்சுக் கிதாபுகளைப் புரட்டியோர்க்கு இம்முறை புதிதன்று. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த மையால் வரைந்து, கல்லை நனைத்து அச்சுமை தடவினால், ஈரமான இடம் மையை விலக்கும். வரைந்த கோடு அதனைப் பற்றும். செதுக்குவோன் இடையில் இல்லை. ஓவியன் கையின் நடுக்கங்கூடத் தாளில் பதியும். அன்றாடம் வெளிவந்த இதழ்களுக்கு இதனினும் ஏற்ற கருவி அன்று இல்லை.

அக்கருவியை அரசனுக்கு எதிராகவே தொமியே முதலில் ஏந்தினார். மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பெருந்தீனி அரக்கனாக லூயி பிலிப் மன்னரை 1831-இல் வரைந்தமைக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1835 செப்டம்பர்ச் சட்டம், முன்அனுமதி பெறாத படங்களுக்குத் தடை விதித்தது. அரண்மனை வாயில் அடைபட்டதும் அவர் அங்காடிக்கும் நீதிமன்றத்துக்கும் திரும்பினார். 'ஷாரிவாரி' இதழில் ரொபேர் மக்கேர் என்னும் எத்தன், வங்கியாளனாகவும் வழக்கறிஞனாகவும் வேடம் புனைந்து வந்தான். இளமையில் நீதிமன்ற அமீனா ஒருவரிடம் ஏவலாளாய் இருந்தவர் தொமியே. கறுப்பு அங்கியின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர். வழக்கில் தோற்ற கட்சிக்காரரிடம், 'என் வாதத்தைக் கேட்கும் இன்பமேனும் கிடைத்ததே' என்ற பொருள்படப் பேசும் வழக்கறிஞரை அவர் காட்டும்போது, நம் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ஆயினும், திறனாய்வு துதிபாடல் அன்று. 1844-இல் எழுத்துப் பெண்டிரை எள்ளி நாற்பது படங்கள் வரைந்தார் தொமியே. தாய் எழுதுவதில் மூழ்கியிருக்க, குழந்தை தொட்டித் தண்ணீரில் தலைகீழாய் விழுகிறது. படங்களின் கீழுள்ள வாசகங்களைப் பெரும்பாலும் பிறரே எழுதினர் என்று அவருக்காக வாதாடலாம். அவ்வாதம் நில்லாது, அப்பெண்டிரின் முகங்களைக் கோணலாக்கியது அவர் கோடேயன்றோ? கணவனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டுமென்று 1804-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பே கட்டளையிட்டிருந்த நாடு அது. அங்கே பேனா பிடித்த பெண்ணை எள்ளுதற்குத் துணிவு வேண்டியதில்லை.

அங்கதத்தின் தகுதி அதன் கூர்மையில் மட்டும் இல்லை; அது எவர் மீது பாய்கிறது என்பதிலும் உள்ளது. மன்னனை வரைந்த கைக்குச் சிறை கிடைத்தது. பெண்டிரை வரைந்த கைக்குக் கைதட்டல் கிடைத்தது. நாலாயிரத்தை அண்மிய அவர்தம் கல்லச்சுப் படங்களைக் காண்போர் இவ்வேறுபாட்டை உளங்கொள்ள வேண்டும். திரான்ஸ்னோனேன் தெருப் படத்தில் கேலியே இல்லை, மிகையும் இல்லை. அதனாலேயே, அவர் வரைந்தவற்றுள் அதுவே மிகக் கடுமையான கண்டனமாய் நிற்கிறது.