சவூதிப் போனும் படுவான்கரைச் சிக்னலும்

மட்டக்களப்புப் பக்கத்தில் பல வீடுகளுக்குப் போன் கடையிலிருந்து வருவதில்லை, ஆளோடு வருகிறது. சவூதியிலோ குவைத்திலோ வீட்டுவேலை செய்யும் அம்மா விடுமுறைக்கு வந்தால் பெட்டிக்குள் ஒன்று இருக்கும். ஜப்பானுக்குப் படிக்கப் போன தம்பி ஒன்றை அனுப்புவான். கனடா, அமெரிக்கச் சொந்தங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது, தாங்கள் பாவித்த பழையதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2024 ஜனவரியிலிருந்து கைபேசிக்கும் 18 சதவீத வற் வரி விழத் தொடங்கிக் கடை விலை ஏறிய பிறகு, "அங்கேருந்து ஒண்டு கொண்டரச் சொல்லுவம்" என்ற பேச்சு இன்னும் கூடியிருக்கிறது.

அப்படிச் சொல்லியனுப்பும் முன் எல்லோரும் கேட்பது, இங்கே வேலை செய்யுமா என்பதுதான். சிம்மைப் போட்டால் வேலை செய்யும் என்று யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மட்டக்களப்பு நகரத்தில் கோடு நிறையச் சிக்னல் காட்டுகிற போன், வாவியைத் தாண்டியதும் கையை விரித்துவிடலாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறவருக்குப் போன் வாங்குகிறோமென்றால் அதைப் படுவான்கரையில் கொண்டுபோய்த்தான் சோதிக்க வேண்டும். மூன்று போன்களை அப்படிச் சோதித்ததில் தெரியவந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, சவூதியில் வாங்கிய சாம்சங் கேலக்ஸி ஏ54. இரண்டாவது, ஜப்பானில் ஒரு தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு விற்ற அண்ட்ரொயிட் போன். மூன்றாவது, அமெரிக்காவில் முற்கட்டண சிம்மோடு சேர்த்து மலிவாக விற்கப்பட்டது. பின்னிரண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே குணத்தோடு வேறு பல பெயர்களிலும் போன்கள் வருகின்றன, பெயரைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அமெரிக்கப் போனின் கதை சீக்கிரம் முடிந்தது. உள்ளூர் சிம்மைப் போட்டதுமே திறப்பு எண் கேட்டது. அங்கே நிறுவனங்கள் போனை விலை குறைத்தோ தவணைக்கோ கொடுக்கும். காசு கட்டி முடியும்வரை, அல்லது குறித்த காலம் பாவித்து முடிக்கும்வரை, வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி அதைப் பூட்டி வைத்திருக்கும். முறையாகத் திறக்கக்கூடியது விற்ற நிறுவனம்தான், அதையும் கணக்கு வைத்திருந்தவர்தான் கேட்க வேண்டும். ஆகவே அங்கிருந்து புறப்படும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். ஐபோன் என்றால் செட்டிங்ஸுக்குள் ஜெனரல், அதற்குள் அபௌட் பகுதியில் "கரியர் லொக்" என்றொரு வரி இருக்கும். அதற்கு நேரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று கண்டால் நிம்மதி. அண்ட்ரொயிடில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஜப்பானில் 2021 ஒக்டோபருக்குப் பிறகு விற்பனைக்கு வந்த போன்களில் சிம் பூட்டுப் போடவே தடை. அதற்கு முந்தியவற்றைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சாம்சங்கில் வேறொரு நுணுக்கமும் உண்டு. சில நாடுகளில் விற்கும் சாம்சங் போன்களின் பெட்டியில், முதலில் அந்தப் பிராந்தியத்துச் சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டும் என்று ஒட்டியிருக்கும். பேசாமல் அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம்முடைய சிம்மை ஏற்காது. அம்மா ரியாத்தில் பெட்டியைப் பிரித்து, தன் சிம்மைப் போட்டு வீட்டுக்கு ஒருமுறை ஆறுதலாகக் கதைத்துவிட்டுக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் வராது. பரிசு என்று பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவருகிறவர்கள்தான் இங்கே வந்து திண்டாடுகிறார்கள்.

இனி அலைவரிசை. போன் பழுதே இல்லாமல் இருந்தும் ஊரில் உதவாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கேலக்ஸி ஏ54 என்ற ஒரே பெயரில் ஏ546ஈ உண்டு, ஏ546பி உண்டு, ஏ546யூ உண்டு. 'ஈ' மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் விற்பது, 'பி' ஐரோப்பாவுக்கு, 'யூ' அமெரிக்க நிறுவனங்களுக்கு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே பிடிக்கும் அலைவரிசைகளின் பட்டியல் மாறும். இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது, அதுதான் பாண்ட் 3. அதோடு 900இல் பாண்ட் 8, 2100இல் பாண்ட் 1, டயலொக்கின் 2300இல் பாண்ட் 40. அமெரிக்க மலிவுப் போன்கள் அந்நாட்டுக்குரிய 2, 4, 12, 66, 71 போன்றவற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஜப்பானிய நிறுவனப் போனில் 1, 3 இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் 19, 21 என்று ஜப்பானுக்கு வெளியே பயன்படாத இரண்டும் இருந்தன. பாண்ட் 8 இல்லை.

அது இல்லாததால் என்ன கெட்டுப்போகும் என்பதை மட்டக்களப்பைப்போல் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் இலங்கையில் குறைவு. எழுவான்கரை முழுக்கக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நெருக்கமான குடியிருப்பு. ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று வீதியோடு ஊர் ஊராக ஒட்டிக்கிடக்கிறது, கோபுரங்களும் அதேபோல அடுத்தடுத்து நிற்கின்றன. 1800 போன்ற உயர்ந்த அலைவரிசை கொஞ்சத் தூரமே போகும், ஆனால் அங்கே அது போதும். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் பற்றைக்காடும். ஊருக்கு ஊர் தூரம், கோபுரத்துக்குக் கோபுரம் அதைவிடத் தூரம். அங்கே தாழ்ந்த அலைவரிசைதான் எட்டும், சுவரையும் ஓரளவு துளைத்து வீட்டுக்குள் வரும். பாண்ட் 8 தன் பெறுமதியைக் காட்டுவது அங்கேதான்.

சாம்சங்கில் அழைப்புத் திரையைத் திறந்து *#0011# என்று தட்டினால், போன் எந்தப் பாண்டில் நிற்கிறது என்பதை அப்படியே காட்டும். ஐபோனில் *3001#12345#* தட்டி அழைத்தால் இதுபோன்ற திரை வரும். மற்ற அண்ட்ரொயிட்களில் *#*#4636#*#* பலவற்றில் வேலை செய்யும். செல்மேப்பர் செயலியும் உதவும், ஆனால் ஊர்ப்புறத்தில் அதில் பதிந்தவர்கள் குறைவு, அதன் வரைபடத்தை முழுக்க நம்ப முடியாது. கோடுகளைப் பார்க்க வேண்டாம், அந்தத் திரையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் மைனஸ் எண்ணைப் பாருங்கள். 4ஜியில் மைனஸ் 85 அருமை, மைனஸ் 110 என்றால் தள்ளாட்டம், மைனஸ் 120ஐ நெருங்கினால் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. கோடுகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு வரைகிறது.

குருக்கள்மடத்துறையில் சவூதி, ஜப்பான் போன்கள் இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக்கொண்டு அம்பிளாந்துறைக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறினேன். மோட்டார் சைக்கிள்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்றபடி பார்த்தால், வாவியின் மேல் இரண்டும் நன்றாகவே இருந்தன. திறந்த நீர்ப்பரப்பில் மறிப்பதற்கு ஒன்றும் இல்லை, எழுவான்கரைக் கோபுரம் நேரே வந்து சேர்கிறது. நடுவாவியில் மட்டும் எண் நன்றாக இருந்தும் வட்ஸ்அப் படம் ஏறச் சுணங்கியது. போன் பின்னால் விட்ட கரையின் கோபுரத்தை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. துறையில் இறங்கி, கொக்கட்டிச்சோலையையும் கடந்து உள்ளே போகப்போகத்தான் இரண்டும் பிரிந்தன. வயல்வெளியில் சவூதிப் போனின் திரையில் 3 என்றிருந்த பாண்ட் 8 ஆக மாறியது, மைனஸ் 104இல் நின்றது, வீடியோ அழைப்புப் பேச முடிந்தது. ஜப்பான் போன் 3ஐயே பிடித்துக்கொண்டு மைனஸ் 118வரை இழுபட்டது. பிறகு 4ஜி அடையாளம் போய், 2ஜியைக் காட்டும் 'ஈ' எழுத்து வந்தது. அதில் உருப்படியாக நடப்பது குரல் அழைப்பு மட்டும்தான். ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அதுவும் விட்டுவிட்டுக் கேட்டது. கதிரையில் இருந்த வீட்டுக்கார அம்மா, "இந்தப் போன் டவுனுக்குத்தான் மகன் சரி" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

4ஜி இருந்தாலே அழைப்பும் 4ஜியில் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வோல்ட்டி வேண்டும், அதாவது இணையம் போகும் அதே வழியில் குரலும் போகிற ஏற்பாடு. இலங்கை வலையமைப்புகளில் அந்த வசதி உண்டு. ஆனால் போனின் மென்பொருளில் நம்முடைய நிறுவனத்துக்கான அமைப்பு இருந்தால்தான் அது திறக்கும். இங்கே அதிகாரபூர்வமாக விற்காத மொடல்களில் அது இல்லாமல் வருவது சாதாரணம். சோதிப்பது மிக எளிது. யாருக்காவது அழைப்பை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் 4ஜி அடையாளத்தைப் பாருங்கள். அப்படியே நின்றால் வோல்ட்டி இருக்கிறது. மறைந்துபோய் அழைப்பு முடிந்ததும் திரும்பி வந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் போன் பழைய வலையமைப்புக்கு இறங்கி ஏறுகிறது. இணைப்பு விழச் சில நொடிகள் பிந்தும். 2ஜிக்கு இறங்கினால், பேசிக்கொண்டிருக்கும்வரை இணையமும் நிற்கும். சவூதிப் போன் சிம்மைப் போட்டு ஒருமுறை அணைத்துப் போட்டதும் வோல்ட்டியைத் தானாகப் பிடித்துக்கொண்டது. ஜப்பான் போனில் அந்தத் தெரிவே மெனுவில் இல்லை.

இதைச் சின்ன விஷயமாக நான் எடுக்கவில்லை. மாரிகாலத்தில் வெள்ளம் ஏறினால் படுவான்கரை வீதிகள் துண்டுபடும். அறுவடை நெருங்கினால் இரவில் யானை வரும், ஒரு வாடியிலிருந்து அடுத்த வாடிக்குப் போன் பண்ணித்தான் விழிப்பாக இருப்பார்கள். ஆளுக்குத் திடீரென்று முடியாமல் போனால் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச்சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பு விழுமா என்பதுதான் ஒரு போனைப்பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி. கமராவைப்பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

பதிவு விஷயத்தையும் விடக் கூடாது. *#06# தட்டினால் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், இரட்டைச் சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவில்லாத புதிய கருவிகளை உள்ளூர்ச் சிம்மோடு பாவிக்க முடியாது என்றும், அதற்கு முன்பே பாவனையில் இருந்தவை பாதிக்கப்படாது என்றும் ஆணைக்குழு அறிவித்தது. கடையில் 'வெளிநாட்டுச் சாமான், உத்தரவாதம் இல்லை' என்று விலை குறைத்துத் தருவதை வாங்கும்போது, காசை நீட்டும் முன் அங்கேயே நின்று 1909க்கு அனுப்பிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். உறவினர் கொண்டுவந்ததென்றால், வாங்கிய பற்றுச்சீட்டைக் கைவசம் வைத்துக்கொண்டு ஆணைக்குழுவின் பதிவு முறையைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஐபோன் கொண்டுவரச் சொல்கிறவர்களுக்குப் புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இன் ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். 2025இல் வந்த ஐபோன் 17இல் இந்த மாற்றம் வளைகுடாவுக்கும் வந்துவிட்டது. சவூதி, குவைத், கட்டார், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் விற்பவற்றிலும் தட்டு இல்லை, ஜப்பானிலும் அப்படித்தான். டயலொக்கும் மொபிடெல்லும் இ-சிம் தருகின்றன, ஆகவே போன் வேலை செய்யும். ஆனால் நிறுவனத்திடம் கேட்டு எண்ணை இ-சிம்முக்கு மாற்ற வேண்டும். சார்ஜ் இறங்கினால் சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் போனில் போட்டுப் பேசுவது நம் கிராமங்களில் அன்றாட வழக்கம். அது இதில் நடக்காது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் வயதானவர்களுக்கு இ-சிம் மட்டுமுள்ள போனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரியாத்திலோ தோஹாவிலோ இருக்கிறவரிடம் "நல்ல போன் ஒண்டு வாங்கி வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மொடல் எண் அதில் முழுமையாக இருக்கும். அந்த எண்ணை ஜிஎஸ்எம் அரீனா போன்ற தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒரே பெயரின் கீழ் சர்வதேசப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு என்று தனித்தனி வரிகள் இருக்கும், முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லிவிடக் கூடாது. 3ம் 8ம் கட்டாயம் இருக்க வேண்டும். 1, 40 இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. 5ஜியைப்பற்றிப் படுவான்கரையின் வவுணதீவிலும் வெல்லாவெளியிலும் இப்போது கவலைப்படத் தேவையில்லை.

மூன்றில் சவூதி ஏ54ஐ யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன். அமெரிக்கப் போன் பூட்டுத் திறக்கும்வரை வைஃபையில் படம் பார்க்க மட்டும்தான். ஜப்பான் போன் கைக்கு அடக்கமானது, மழை நனைந்தாலும் தாங்கும், படம் அழகாக எடுக்கும். படமெடுக்கும் சத்தத்தை மட்டும் அடக்க முடியாது, அங்கே விற்கும் போன்களின் வழமை அது. நகரத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும். சனி ஞாயிறில் அந்தப் பிள்ளை படுவான்கரை வீட்டுக்குப் போவதென்றால், கையில் இரண்டாவதாக ஒரு பொத்தான் போனும் இருக்கட்டும்.