ஆட்கொள்ளலும் கைவிடலும்: இரட்சணிய யாத்திரிகம் எழுப்பும் ஒரு வினா

மீட்புப் பெற்ற கிறித்தவன் ஒருவன் பின்னர் அம்மீட்பை இழத்தல் கூடுமோ என்னும் வினா, கிறித்தவ சமய நூலார் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்த வினாவாகும். கூடும் என்பாரும் கூடாது என்பாரும் திருமறையினின்றே தம் கொள்கைக்குச் சான்று காட்டுவர். ஒருமுறை ஒளிபெற்றுச் சுவைத்தபின் விலகிப் போனாரை மீண்டும் மனந்திரும்பச் செய்தல் அரிது என எபிரெயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் எச்சரிக்கின்றது. தம் ஆடுகளைத் தம் கையினின்று பறிப்பார் எவருமிலர் என இயேசு பெருமான் மொழிந்ததாக யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் கூறுகின்றது. இவ்விரண்டனுள் எது முடிவு எனத் தீர்த்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வினா தமிழ்க் காப்பியம் ஒன்றனுள் புகுந்தபோது எவ்வாறு உருமாறிற்று என ஆராய்வதே ஈண்டு மேற்கொண்ட பணியாகும். அக்காப்பியம், எச்.ஏ. கிருட்டிண பிள்ளை இயற்றி 1894ஆம் ஆண்டு நூலுருப் பெற்ற இரட்சணிய யாத்திரிகம்.

இந்நூலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரண்டு கூறி அமைவர். ஒன்று, இது சான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையின் வழிநூல் என்பது. மற்றொன்று, இதன் ஆசிரியர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றத்தக்கவர் என்பது. இரண்டும் உண்மையே. ஆயினும், முதனூலாசிரியரும் வழிநூலாசிரியரும் வெவ்வேறு கொள்கையுடைய திருச்சபைகளைச் சார்ந்தவர் என்பதும், அவ்வேறுபாடு நாம் எடுத்துக்கொண்ட வினாவிலேயே கூர்மையுறுகின்றது என்பதும் போதிய அளவு கருதப்படவில்லை.

முதற்கண் கொள்கை வேறுபாட்டைச் சுருங்கக் காண்போம். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை லூத்தரன் திருச்சபையார்க்கு அடிப்படை ஆவணம். ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் தூய ஆவியை இழத்தல் இயலாது என்பாரை அதன் பன்னிரண்டாம் பகுதி மறுக்கின்றது. விழுந்தவர் மனந்திரும்புங்கால் மன்னிப்பு உண்டு என்றும் கூறுகின்றது. 1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், பெற்ற அருளை இழத்தல் கூடும் என்றே வரையறுத்தது. ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுள் பதினாறாவதும், ஆவியைப் பெற்றபின் அருளினின்று விலகிப் பாவத்தில் விழுதலும், இறையருளால் மீண்டும் எழுதலும் கூடும் என்கின்றது. இவற்றுக்கு மாறாக, 1618–19இல் கூடிய தோர்ட் பேரவை, மெய்யாகவே தெரிந்துகொள்ளப்பட்டவர் கொடிய பாவத்தில் விழினும் இறுதிவரை விழுந்துகிடக்க இறைவன் விடான் என முடிவு செய்தது. கால்வினியக் கோட்பாட்டைத் தழுவிய பனியன் இந்தப் பிற்பட்ட கொள்கையினர். கிருட்டிண பிள்ளையோ ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவர்.

இங்கு ஒன்றனை நுணுகி நோக்குதல் வேண்டும். விழுந்து எழுந்தவனைப் பற்றி இருசாராரிடையும் பெரிய வேறுபாடில்லை. அவன் மீட்புப் பெற்றவனே என்பர் இருவரும். விழுந்து எழாமலே மாண்டவனைப் பற்றியே வழக்கு. அவன் மீட்பைப் பெற்றிருந்து இழந்தான் என்பர் ஒருசாரார். அவன் தொடக்கத்திலேயே மெய்யாகப் பெற்றிலன் என்பர் மற்றொருசாரார். ஆகவே இவ்வழக்கு ஒரு வாழ்க்கை முடிந்தபின், அதன் இறுதியில் நின்று பின்னோக்கிச் செய்யப்படும் தீர்ப்பைப் பற்றியதாகும். யாத்திரைக் காப்பியமோ முடியாத வாழ்க்கையைப் பாடுவது. வழியில் நடப்பவன் தன் கதையின் இறுதியில் நின்று தன்னை நோக்குதல் இயலாது. இம்முரண்பாடே பனியன் நூலுக்கு உயிர்ப்பை அளிப்பது.

பனியன் இக்கோட்பாட்டை ஏட்டளவில் மட்டும் அறிந்தவரல்லர். தாம் கிறித்துவை விற்றுவிட்டதாகவும், சேட்ட புத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் போல் தமக்கு இனி மீட்சியில்லை என்றும் நெடுங்காலம் அஞ்சி நடுங்கியதை 1666இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவரே எழுதியுள்ளார். அவ்வச்சம் அவருடைய உருவகக் கதையில் மூன்றிடங்களில் வெளிப்படுகின்றது. இரும்புக் கூண்டில் அடைபட்டு, இனி மனந்திரும்ப இயலேன் எனப் புலம்பும் மனிதன் ஒருவன். விண்ணகரின் வாயில்வரை வந்தும் சான்றுச் சுருள் இன்மையால் கட்டுண்டு நரக வாயிலிற் செலுத்தப்படும் அறியாமை என்பான் மற்றொருவன். மூன்றாவது, கதைத்தலைவனே மலைச்சாரலில் உறங்கித் தன் சுருளை நழுவவிட்டு, பின்னர் அழுதுகொண்டே திரும்பிச் சென்று அதனைக் கண்டெடுக்கும் நிகழ்ச்சி.

சுருள் நழுவிய நிகழ்ச்சி கோட்பாட்டு நயம் மிக்கது. தலைவன் இழந்தது எது? மீட்பையா, மீட்புப் பெற்றோம் என்னும் உறுதியையா? பனியன் கொள்கைப்படி உறுதியையே இழந்தான் எனல் வேண்டும். ஆயினும் சுருளின்றி நகருள் புகுதல் இயலாது என்பதும் அக்கதையின் விதியே. ஆதலின் திரும்பிச் சென்று தேடுபவனுக்கு, இழந்தது உறுதி மட்டுமே என்னும் ஆறுதல் அவ்வேளையில் பயன்படுவதன்று. கோட்பாடு கூறும் வேறுபாட்டை வழிநடப்பவன் தன் நெஞ்சில் உணர இயலாமை இதனாற் புலனாகும்.

இனி, இவ்வினா புகுந்த தமிழ் நிலத்தை நோக்குவோம். கிருட்டிண பிள்ளை நெல்லைச் சீமையினர்; 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். எனினும் அவர் கையாண்ட பத்திமொழி தமிழகம் முழுமைக்கும் பொதுவானது. அம்மொழியின் ஊற்றுக்களுட் பல கெடிலக் கரையிலும் அதனை அடுத்த நாட்டிலும் உள்ளன. இன்று கடலூரினின்று சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளைக் கடந்து செல்வோர், இதே வினாவை வேறு சொற்களால் வினவிய நிலத்தின் வழியே செல்கின்றோம் என்பதை எண்ணுதல் அரிது. 1737இல் கடலூரில் பணி தொடங்கிய சார்த்தோரியுசு, கைஸ்தர் ஆகிய லூத்தரன் தொண்டர் இருவரும் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் வழிநின்றவர். அவர்கள் கொணர்ந்த விடை புதிது. வினா இந்நிலத்திற்குப் புதிதன்று.

திருநாவுக்கரசர் வரலாற்றைச் சேக்கிழார் கூறுமாறு காண்க. சைவக்குடியிற் பிறந்தவர் சமணம் புகுந்து தருமசேனர் எனப் பெயர்பூண்டு பாடலியில் தலைமை எய்தினார். சூலை நோய் பற்ற, தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகை வந்து மீண்டும் ஆட்கொள்ளப்பட்டார். பின்னர்க் கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். அவர் இறைவனை விட்டு நீங்கினார் என்பதை வரலாறு மறைக்கவில்லை; இறைவன் அவரை விட்டு நீங்கினன் என்று கூறவும் இல்லை. பற்றிய நோயே பற்றுக்கோடாயிற்று. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றில் அடிமையோலை இறைவன் கையில் உள்ளது. பனியன் கதையில் சுருள் யாத்திரிகன் கையில் உள்ளது; அவன் உறங்கின் நழுவும். சுந்தரர் வரலாற்றில் ஓலையைச் சுந்தரர் கிழித்தபின்னும் மூலவோலை ஆண்டவனிடத்தே எஞ்சி நிற்கின்றது. உறுதி எவர் கையில் உள்ளது என்னும் வினாவுக்கு இது தமிழ்ப் பத்திமரபு அளிக்கும் விடை எனலாம்.

ஆயினும் அதே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் விழிப்புணர்வையும் விட்டாரல்லர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, மலநீக்கம் பெற்றோரும் அன்பரோடு கலந்து திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபடுதல் வேண்டும் என்கின்றது. மறதியால் பழைய வாசனை தலைதூக்கும் என்பதே அதற்குக் காரணம்.

வைணவத்திலும் இவ்வினா உண்டு. குரங்குக் குட்டி தாயைப் பற்றுதல், பூனைக் குட்டியைத் தாய் கவ்வுதல் என்னும் உவமைகளை மேனாட்டாரின் வழக்கோடு ஒப்பிடுதல் ஆராய்ச்சியாளரிடை வழக்கம். அவ்வொப்புமை அருளை அடையும் நெறி பற்றியவரையிற் பொருந்தும். இழத்தல் பற்றிய வினாவுக்குப் பொருந்தாது. கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்தில் பல்லாண்டு வாழ்ந்த வேதாந்த தேசிகர் குரங்குக் குட்டி நெறியினராகக் கருதப்படுபவர். அவரும், அடைக்கலம் புகுதல் ஒருமுறையே செய்யத்தக்கது என்றும், அடைக்கலம் புகுந்தவன் பின்னர்ப் பிழைசெய்து வருந்தானாயின் எளிய தண்டனையைத் துய்ப்பானேயன்றி வீட்டை இழவான் என்றுமே கொண்டார். எனவே முயற்சியை வற்புறுத்துவோரெல்லாம் இழத்தல் கூடும் என்பர் எனக் கோடல் பிழையாகும்.

இம்மரபிற் பயின்ற செவியோடு பனியன் கதையைப் பாடவந்த கிருட்டிண பிள்ளை, கதைப்போக்கைப் பெரும்பாலும் தழுவிக்கொண்டே இரண்டு பெரும் பகுதிகளைப் புதிதாகச் சேர்த்தார். ஒன்று, குமார பருவத்தில் அமைந்த கிறித்துவின் பாடுகளின் வரலாறு. பனியன் கதையில் சிலுவை, தலைவனின் சுமை கழன்று வீழும் ஓரிடம். விரிந்த வரலாறாக அமைவதன்று. தமிழ்க் காப்பியத்திலோ அஃது ஆண்டவன் பட்ட பாட்டைக் கண்முன் நிறுத்தும் நெடும் பகுதியாகின்றது. மற்றொன்று, கதையினிடையே வரும் தேவாரங்கள். இவற்றில் விருத்தங்களின் கதைகூறு முறை நின்று, உயிர் இறைவனை நோக்கிப் பேசும் முறை தொடங்குகின்றது.

இவ்விரு சேர்க்கைகளையும் அணிநலமாக மட்டும் மதித்தல் போதாது. சுருள் பற்றிய பனியன் நிகழ்ச்சி, மீட்பின் உறுதியைத் தேடுவோனைத் தன் கையை நோக்கச் செய்கின்றது. பாடுகளின் வரலாறு அவன் நோக்கைத் திருப்பி ஆண்டவன் கையை நோக்கச் செய்கின்றது. தேவாரமோ வினாவின் இடத்தையே மாற்றுகின்றது. ‘அவன் மீட்பை இழப்பானோ?’ என்பது படர்க்கை வினா. ஒருவன் வாழ்க்கையைப் புறத்தே நின்று தீர்ப்பிடும் வினா. ‘என்னைக் கைவிடுதியோ?’ என்பது தன்மையிடத்து நின்று முன்னிலையை நோக்கி எழுவது. முன்னதற்குக் கோட்பாடு விடையாகும். பின்னதற்கு, கேட்கப்பட்டவனே விடையாதல் வேண்டும். வழிநடையின் இடையில் நிற்பவனுக்கு இயல்வது பின்னதொன்றே. யாத்திரைக் காப்பியத்துள் தேவாரம் அமைதற்குரிய காரணமும் இதுவே.

இதனால் எச்சரிக்கை வலிகுன்றுமன்றோ எனின், குன்றாது என்க. கைவிடற்க என வேண்டுவோன் தன் வீழ்ச்சி இயலாதது எனக் கருதியவனல்லன், கருதின் வேண்டான். அவ்வாறே, தன் மீட்சி இயலாதது எனக் கருதியவனும் அல்லன். கருதின் வேண்டுதற்கு நாவெழாது. இரும்புக் கூண்டு மனிதனிடம் இல்லாதது இவ்வேண்டுதலே. அவன் தன்னைப் பற்றிப் படர்க்கையிற் பேசுவான்போலத் தீர்ப்பே கூறுகின்றான். இறைவனை முன்னிலைப்படுத்தி ஒரு சொல்லும் கூறுகின்றிலன். ஆங்கிலத் திருச்சபையின் பதினாறாம் கோட்பாடு விழுதலும் எழுதலும் கூடும் என்று கூறி, எழுவான் என்றோ எழான் என்றோ முடித்துரையாது நிற்கின்றது. அவ்விடைவெளியிலேயே தமிழ்த் தேவாரம் ஒலிக்கின்றது எனல் பொருந்தும்.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் குறித்தல் கடன். சைவத்தின் மலநீக்கமும் வைணவத்தின் அடைக்கலமும் கிறித்தவத்தின் மீட்பும் ஒன்றல்ல. கிறித்தவ மீட்பு வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்த சாவையும் உயிர்த்தெழுதலையும் அடிப்படையாகக் கொண்டது; கிருட்டிண பிள்ளை பாடுகளின் வரலாற்றை விரித்துப் பாடியதும் அவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தமையாலேயாம். அவர் பத்திமரபினின்று பெற்றது கோட்பாடன்று. இறைவனை நேர்நின்று வினவும் உரிமையும் அதற்குரிய மொழியுமே. மேலும், நாவுக்கரசர் வரலாறு மீண்டு வந்தவரின் வரலாறு. மீளாது போனவரைப் பற்றி அது யாதும் கூறாது. அவர்பொருட்டு வருந்தும் உற்றாருக்கு இக்காப்பியமும் முடிந்த தீர்ப்பொன்றும் வழங்குவதன்று. ஆனால் திலகவதியார் தம்பிக்காக வேண்டியவாறு வேண்டுதற்கு இடம் வைக்கின்றது.

பனியன் கதையின் இறுதியில் ஓர் ஆறு உண்டு. நெடுவழி நடந்து, சுருளையும் மீட்டெடுத்த தலைவன் அவ்வாற்றில் அமிழத் தொடங்குகின்றான். தன் பிழைகளே அவன் நினைவில் எழுகின்றன. உடன்வந்த நம்பிக்கை என்பான் அவன் தலையை நீர்மேல் தாங்கிக் கரைசேர்க்கின்றான். அவ்வேளையில் தலைவன் மீட்பை இழந்தானா என ஆராய்வார் இலர். தாங்குவான் ஒருவன் உளன் என்பதே செய்தி. கரையேறுதல் என்னும் சொல்லை நாவுக்கரசர் வரலாற்றோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இக்காட்சி அயலாராது. இரட்சணிய யாத்திரிகத்தின் தேவாரங்களை, காப்பியத்தினின்று பிரித்துத் தனிப்பாடல்களாக மட்டும் ஆராயாமல், இவ்வினாவுக்குக் காப்பியம் தரும் விடையின் உறுப்புக்களாக வைத்து ஆராயின், கிருட்டிண பிள்ளை பனியனின் வழிநூலாசிரியர் மட்டுமல்லர், அவரோடு வழக்காடிய சிந்தனையாளரும் ஆவர் என்பது தெளிவாகும்.