கோவாவின் பெரியோரும் பட்டியலில் விடுபட்டோரும்

கோவா ஈன்ற மேன்மக்களைப் பற்றி நூல்களும் மலர்க் கட்டுரைகளும் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றின் போக்கு ஏறத்தாழ ஒன்றே. அறிதுயில் ஆராய்ச்சியின் முன்னோடி அபே ஃபாரியா, ஓவியர் சூசா, கேலிச்சித்திரக்காரர் மாரியோ மிராண்டா எனப் பெயர்கள் தொடரும். பிறந்த ஊரும் பெற்ற விருதும் அருகே நிற்கும். 3,702 சதுர கிலோமீற்றர் நிலம் இத்துணை ஆற்றலாளரைத் தந்ததே என்ற வியப்போடு கட்டுரை முற்றுப்பெறும். வியப்புக்குக் காரணம் உண்டு. ஆயின் வியப்பு விமர்சனம் ஆகிவிடாது.

இப்பட்டியல்களில் தவறாது இடம்பெறும் ஒருவரே பட்டியல் முறைக்குப் பெரும் பகைவர் என்பது சுவையான முரண். 1907இல் கோவாவிற் பிறந்த கணித அறிஞர் டி. டி. கோசாம்பி, 1956இல் வெளியிட்ட இந்திய வரலாற்று ஆய்வு அறிமுக நூலில், அரசன் பெயரை விட அவன் காலத்து மக்களிடம் கலப்பை இருந்ததா என்பதே முக்கியம் என வாதிட்டார். (அவர் தந்தை தர்மானந்த கோசாம்பி 1902இல் கொழும்பு வந்து வித்தியோதய பிரிவெனாவிற் பாளி கற்றவர், நம் நாட்டோடு அக்குடும்பத்துக்குள்ள உறவை நம்மிற் பலர் மறந்துவிட்டோம்.) மகன் தந்த அளவுகோலைக் கொண்டே கோவாவின் பெரியோரையும் அளந்து பார்க்கலாம்.

பிரான்சிஸ்கோ லூயிஸ் கோமசை எடுத்துக்கொள்வோம். மருத்துவர், பொருளியல் அறிஞர். 1860இல் கோவாவின் பிரதிநிதியாகப் போர்த்துக்கல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். 1866இல் அவர் வெளியிட்ட ‘பிராமணர்கள்’ கோவா மண்ணினர் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படுகின்றது. வெள்ளையன் வீட்டில் ஊழியம் செய்யும் பிராமணனான மாக்னோட் அவமதிக்கப்பட்டுக் கிளர்ச்சிக்காரனாக மாறுவதே கதையின் அச்சு. சாதிச் செருக்கு பூணூலுக்கு மட்டும் உரியதன்று, வெள்ளைத் தோலுக்கும் உரியது என்று 1866இல் எழுதத் துணிவு வேண்டும். இரண்டு ஆணவங்களையும் ஒரே தராசில் வைத்த அந்தப் பார்வைக்காகவே அந்நூலை இன்றும் படிக்கலாம்.

ஆனால் கதை நிகழும் இடம் எது? பிரித்தானியர் ஆண்ட அயோத்திப் பிரதேசத்துப் பைசாபாத். கோவாவன்று. கோமஸ் பிறந்த மண்ணிற் சாதி இல்லாதிருந்ததா? மதம் மாறிய பின்னரும் கத்தோலிக்கர் பாமண், சார்டோ, சூதிர் எனப் பிரிந்தே வாழ்ந்தனர். கோயிற் சபைகளிலும் அப்பிரிவு நிலைத்தது. அந்நிய ஆட்சியோ அங்கே மூன்றரை நூற்றாண்டு வேரூன்றியிருந்தது. இவ்விரண்டும் கண்முன் இருக்க, ஆசிரியர் தம் கோபத்தை எல்லை கடந்து பிறர் ஆட்சிப் பரப்பிற் கொண்டுபோய் இறக்குகிறார். இதனைக் கோழைத்தனம் என்று கூறுவது எளிது, அது சரியன்று. லிஸ்பன் அரசியலமைப்பு தமக்குச் சம உரிமை தந்துவிட்டது என நம்பிய ஒரு கற்ற வர்க்கத்தின் குரல் அவர். அவ்வர்க்கத்தின் கண்ணுக்குப் பிரித்தானியனின் சவுக்கு தெரிந்தது. தன் வீட்டு முற்றத்திற் குந்தியிருந்த குடியானவன் தெரியவில்லை.

அந்தக் குடியானவன் நாவலின் நடுவே வந்து நிற்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 1961இல் ஒர்லாண்டோ த கொஸ்தா எழுதிய ‘சினத்தின் குறி’, இரண்டாம் உலக யுத்த காலக் கோவாவின் நெல்வயல்களிற் கூலிக்கு உழைக்கும் குறும்பின் மக்களின் கதை. வயலும் பாத்காருக்கு, அவர்கள் குடிசை நிற்கும் நிலமும் பாத்காருக்கு. வெளியேறு என்ற ஒரு சொல் போதும், குடும்பம் தெருவிலே. (குடியிருப்பாளரை இவ்வாறு வெளியேற்றுவதைத் தடுக்கும் முந்த்கார் சட்டம் வந்தது 1975இலேதான்.) கொஸ்தா பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். எனினும் அவர் மாந்தர் சுலோகம் பேசுவதில்லை. மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியுமே பேசுகின்றனர். சலாசார் அரசு நூலைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள் கோவாவில் அவ்வாட்சி முடிவுற்றது.

இந்நூலின் குறையையும் மறைத்தல் ஆகாது. குறும்பின் பேசுவது கொங்கணி. நூலோ போர்த்துக்கேய மொழியில். தன் கதையைத் தான் படிக்க அவனுக்கு வழியில்லை. கொங்கணியிலேயே எழுதி, சுரங்கத் தொழில் ஒரு கிராமத்தைத் தின்றுவிடுவதைக் காட்டிய புண்டலீக் நாயக்கின் ‘அச்சேவ்’ பின்னர் 1977இல் வந்தது. அது தனிக் கட்டுரைக்குரியது.

அதே 1977இல் வொயேஜர் விண்கலங்கள் பூமியின் ஒலிகள் பதித்த பொன்முலாம் இசைத்தட்டைச் சுமந்து சென்றன. அதில் இந்தியாவின் குரலாக ஒலிப்பது கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி. 1892இற் கோவாவின் கேரி கிராமத்திற் பிறந்தவர்; அல்லாதியா கானின் மாணவி. பட்டியற்காரர் இவ்வளவும் எழுதுவர். கோயிற் பணிக்கு நேர்ந்துவிடப்பட்ட கலாவந்தர் குலத்தில் அவர் பிறந்தார் என்பதைப் பெரும்பாலும் எழுதார். எழுதினால் அவ்விசை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். போர்த்துக்கேயர் ஆலயங்களை இடித்தபோது தெய்வங்கள் அண்டைப் பகுதிகளுக்கு இடம் பெயர்ந்தன. பெயர்ந்த ஆலயங்களைச் சூழ்ந்து கலாவந்தர் குடிகளும் வாழ்ந்தன. அப்பெண்களுக்குக் கல்வியாகக் கிடைத்தது இசை ஒன்றே; மணவாழ்வு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ‘இறைவன் அளித்த குரல்’ என்று எழுதும் பேனா, அக்குரலைப் பயிற்றுவித்த ஏற்பாட்டின் கொடுமையையும், அதனை மீறி மேடையிற் கண்டிப்போடு அரசோச்சிய பெண்ணின் போராட்டத்தையும் ஒருசேர அழித்துவிடுகின்றது.

விண்கலங்கள் புறப்பட்ட அதே ஆண்டின் செப்டெம்பரிலேயே கேசர்பாய் பம்பாயில் மறைந்தார்.