விளக்கு அணைந்த பிறகு

ஒரு நாடகக் குழுவின் தரத்தை நான் மேடை இருண்ட பிறகுதான் எடைபோடுவேன். ஒரு காட்சி முடிந்து அடுத்ததற்கு வெளிச்சம் வருவதற்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறதா, யாராவது கிசுகிசுக்கிறார்களா, பின்திரை ஆடுகிறதா என்று கவனிப்பேன். ஒன்றுமே கேட்காமல், வீட்டுக் கூடம் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து நின்றால் எனக்குச் சிலிர்த்துவிடும்.

மலேசியாவின் ஸ்கூடாயில் நான் உதவிக்குப் போகும் அமெச்சூர் குழுவுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி மக்களுக்கான பொது மண்டபம்தான். தரையில் பூப்பந்துக் கோடுகள் இருக்கும். தகரக் கூரையில் மழை இறங்கினால் வசனம் காதில் விழாது. நடிகர்களில் பலர் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். துவாஸ் இரண்டாம் பாலத்தில் நெரிசல் என்றால் ஒத்திகைக்கு வந்து சேர இரவு ஒன்பதாகிவிடும். அதுவரை அவர்கள் இடத்தில் நின்று, வசனத்தைப் படித்து, கதவைத் திறந்து மூடுவது மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கும் நாங்கள்தான். அதனால் முழு நாடகமும் எங்கள் கால்களுக்கு மனப்பாடம்.

மேடைப் பொருள்களை வைக்கும் மேசையே தனி அழகு. வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் சுற்றி மார்க்கரால் கோடு இழுத்து உள்ளே பெயர் எழுதுவோம்: கடிதம், மூக்குக்கண்ணாடி, பால் செம்பு. ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். நாற்காலிக் கால் பதிய வேண்டிய இடங்களில், இருட்டில் ஒளிரும் டேப்பை நகத்தளவு வெட்டி ஒட்டுவோம். பெரிதாக ஒட்டினால் முதல் வரிசைக்குத் தெரிந்துவிடும்.

இவற்றைவிட நுட்பமானது கண். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எங்களுக்குக் கிடைப்பதோ சில விநாடிகள். அனுபவமுள்ளவர்கள் காட்சி முடியும் முன்பே ஒரு கண்ணை மூடிக்கொண்டு சைடு விங்கில் நிற்பார்கள். விளக்கு அணைந்ததும் அந்தக் கண்ணைத் திறந்துகொண்டு நடப்பார்கள். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தவர் மூச்சை இழுத்துவிடுவார். கால்மாட்டில் நிற்பவருக்கு அதுதான் தூக்கச் சொல்லும் உத்தரவு. இதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல மிருதங்கக்காரரின் விரலைப் பார்ப்பது மாதிரி.

ஜப்பானியக் கபுகி நாடகத்தில் 'குரோகோ' என்ற உதவியாளர்கள் கறுப்பு உடையில் மேடைக்கே வந்து வேலை செய்வார்கள். அவர்கள் அங்கே இல்லை என்றே பார்வையாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். பனிக் காட்சி என்றால் வெள்ளை உடை, கடல் காட்சி என்றால் நீலம். நம் தெருக்கூத்திலும் இந்த வேலைக்கு ஒளிவுமறைவு இல்லை. இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வருவான். கிரீடம்தான் முதலில் தெரியும். அந்தத் திரை எப்போது விலகுகிறது என்பதில் பாதி நாடகம் இருக்கிறது. மேடை நாடகத்தில் மட்டும் இந்தக் கைகள் மறைந்துபோயின. ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தின் தந்திரக் காட்சிகளை இன்றும் வியந்து பேசும் பெரியவர்கள் உண்டு. அந்தக் கயிறுகளை இழுத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, வேறு தொழிலில் இருந்தவர்களே அதில் மேடையேறினார்கள். அன்று முதல் அமெச்சூர் குழுக்களுக்கு நேரம்தான் தட்டுப்பாடு. அதனால் காட்சி மாற்றத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். வசனத்துக்குப் பல வாரம் கொடுத்துவிட்டு, இதற்கு நாடகத்தன்று மதியம் ஒரு மணி நேரம் என்றால் எப்படி? வசனங்களைத் தாண்டி, மாற்றங்களை மட்டும் விளக்கோடும் இருட்டோடும் செய்து பார்க்க ஒரு முழு மாலை வேண்டும்.

எங்கள் குழுவில் இந்த மாற்ற ஒத்திகையை நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'. கையில் ஸ்டாப்வாட்ச், காதெல்லாம் மேடையில். "கட்டில் கால் உராசுது தம்பி, இன்னொரு தடவை" என்பார். கால்களுக்குப் பழைய துணி சுற்றினோம். அடுத்த முறை சத்தம் நின்றது, ஆனால் துணி வழுக்கிக் கட்டில் ஒரு சாண் தள்ளி விழுந்தது. துணிக்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டலாம் என்று ஒருவர் சொல்ல, டீச்சர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எங்களை மூன்றாம் காட்சிக்கு அழைத்தார்.